எல்லாவற்றையும் நிறுத்துகிற அக்கா

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ஊர் செங்கில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும், மீதிப் பாதி விசாரித்துத் தெரிந்துகொள்ளும். எங்கள் ஃபேக்டரியில் அவர் எல்லாருக்கும் அக்காதான். மலாய்க்காரப் பெண்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபீசில் இருந்த ஒரு சீனப் பெண் மட்டும் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவாள், அதுவும் தப்பாக.

அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய வீட்டுக்காரர் அதற்கும் முன்னால் போனவர். வீட்டில் நின்ற மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், லூபோக் சீனாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் விழுந்து செத்தார். அந்த மோட்டாரை எப்படி நிறுத்துவது என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மனுஷன் என் வாயால் செத்தாரா இல்லையா என்று நான்கு வருடம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். சோறு அள்ளும்போதும் கேட்டேன், சாமி கும்பிடும்போதும் கேட்டேன். இப்போது அதை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. எழுதினால் கோபித்துக்கொள்ள அக்கா இல்லை.

நாங்கள் வேலை பார்த்தது காருக்கான தகட்டுச் சாமான்கள் அடிக்கிற இடம். ஆளைவிட உயரமான பிரஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் காளான் மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அடித்தால் மெஷின் எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே நின்றுவிடும். பொத்தானைத் திருகி விட்டால்தான் மறுபடி ஓடும்.

நான் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். தகடு சிக்கி மெஷின் தானாக நின்றது. எனக்கு எப்போதும் அவசரம்தான், அம்மா வயிற்றிலிருந்தே எட்டு மாதத்தில் வந்தவள். சிவப்பை அடிக்காமல் கையை உள்ளே விட்டேன். கையுறை மாட்டிக்கொண்டது. மேல் அச்சு இறங்குவது தெரிகிறது, கத்த வாய் வரவில்லை. பக்கத்து மெஷினிலிருந்து அக்கா எப்படி வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பட்டென்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. நடுவிரல் நகம் போயிற்று, விரல்கள் பத்தும் இருந்தன.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். பொத்தானைத் திருகி அச்சை மேலே ஏற்றினால் கை வந்துவிடும் என்று அவர் நினைப்பு. அக்கா பொத்தான்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மலை மாதிரி நின்றார்.

“நிறுத்துனவங்கதான் எடுத்து விடணும் சார். நீங்க கை வைக்காதீங்க.”

“அக்கா, இன்னிக்கு டார்கெட் போச்சு லா!”

“போவட்டும். மொதல்ல இந்தப் புள்ள கை வரட்டும்.”

டெக்னீஷியன் வந்து கரண்டைத் துண்டித்து, அச்சைக் கம்பியால் நெம்பித் தூக்கும்வரை அக்கா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இருபது நிமிஷம் இருக்கும். என் கை வெளியே வந்த பிறகு, “கை வெளியே!” என்று மூன்று தடவை சத்தம் போட்டார். இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். அப்புறம் தானே பொத்தானைத் திருகி விட்டார். எல்லாம் ஃபேக்டரி சுவரில் ஒட்டியிருந்த சட்டம்தான். நாங்கள் அந்தச் சுவரைச் சாப்பாட்டு நேரத்தில் சாய்ந்துகொள்ளும் இடமாக மட்டும்தான் பார்த்திருந்தோம்.

“ஓடுற மெஷின் கையக் கடிக்காது புள்ள. அதுகிட்ட எல்லாருக்கும் பயம் இருக்கும். நின்னுட்டிருக்குற மெஷின்தான் கடிக்கும்,” என்று அன்றைக்குச் சொன்னார். எனக்கு அப்போது அழுகைதான் வந்தது.

வீட்டிலும் இதே கதைதான். கேஸ் அடுப்பை மூடுவார், பிறகு சிலிண்டரையும் மூடுவார், பஸ் நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பார். இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, அதைப் பெட்டியைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைப்பார். விருந்தாளியாகப் போன வீட்டில் மின்விசிறி காரணமில்லாமல் சுற்றினால் எழுந்து போய் நிறுத்திவிட்டு வருவார், யாருக்கு வேர்த்தால் அவருக்கென்ன.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் மலாக்காவில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குப் போயிருந்தோம். கூட்டம் நெரிந்தது. முன்னால் நகரும் படியில் ஏறிய ஒரு பெண்ணின் சேலை முந்தானை படியோரம் தொங்கியது. மாட்டவில்லை, மாட்டலாம் போல இருந்தது, அவ்வளவுதான். அக்கா குனிந்தார், கீழே இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தார். படி நின்றது. ஐம்பது பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கூச்சல். காவலாளி வந்து, “சியாப்பா தெக்கான்?” என்று கத்தினார், யார் அமுக்கியது என்று. நான் அக்கா கையைப் பிடித்து இழுத்தேன், வாங்க ஓடிரலாம் என்று.

“சயா,” என்றார் அக்கா, நான்தான் என்று, பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வது போல. அப்புறம் அந்தப் பெண்ணிடம் போய், “முந்தானைய இடுப்புல சொருகும்மா,” என்றார். அவள் முறைத்தாள். எனக்கு மானமே போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு வந்தது, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளை இடித்த பிறகுதான் அவர்கள் செங்குக்கு வந்து ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீடு எடுத்தார்கள். ஒரே மகன் சிங்கப்பூரில். மாமா கோபக்காரர். அக்காவை அதட்டாமல் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார். ஊரையே நிறுத்துகிற அக்கா, அவரை மட்டும் நிறுத்தியதில்லை.

பிறகு மாமாவுக்கு மறதி வந்தது. முதலில் சாமான்களின் பெயர் போயிற்று, பிறகு ஆட்களின் பெயர், பிறகு சட்டைப் பொத்தான் போடுகிற வித்தை. லோரி மட்டும் போகவில்லை. தினம் விடியற்காலையில் எழுந்து, “டிரிப்புக்கு நேரமாச்சு,” என்று வாசலில் நிற்பார். வீட்டில் லோரி ஏது? ஒரு பழைய கப்சாய்தான் இருந்தது, அக்கா வேலைக்குப் போய்வருகிற சின்ன மோட்டார். மாமா அதில் ஏறிப் போக ஆரம்பித்தார். சாவியை அக்கா ஒளித்து வைத்தார். அந்த மோட்டாரின் சாவித் துவாரம் இருபது வருடத்தில் தேய்ந்து, எதை விட்டாலும் திரும்பும். மாமா டீஸ்பூனின் காம்பை விட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத கைக்கு அது தெரிந்திருந்தது.

அப்படி இரண்டு தடவை. ஒரு தடவை வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றார். இன்னொரு தடவை லயம் இருந்த இடத்துக்கே போய்விட்டார். அங்கே இப்போது செம்பனைக் கன்றுகள். நடுவில் உட்கார்ந்து, “எங்க லயத்தக் காணோம்,” என்று அழுதுகொண்டிருந்தாராம். அங்கே வேலை செய்த இந்தோனேசியர்கள் டீ கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அக்காவும் நானும் போய்க் கூட்டி வந்தோம்.

“அடுத்த தடவ ரோட்டுல அடிபட்டுச் செத்துருவாரு புள்ள. இவர நான் எப்படி நிறுத்துறது?” என்று வீட்டு வாசலில் வைத்துக் கேட்டார். அக்கா என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மோட்டாரை விற்றுவிடலாமென்றால் அக்காவின் வேலைக்கு வழியில்லை. ஃபேக்டரி வேன் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். யோசனை சொன்னவள் நான். “சாவியே இல்லாத மோட்டார் வந்திருக்குக்கா. ரிமோட் உங்க கைல இருந்தாத்தான் உயிர் வரும். மாமா ஸ்பூன எங்க விடுவாரு?” என்றேன். என்னைவிடப் புத்திசாலி உலகத்தில் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்க ஆயர் குரோவில் ஒரு மோட்டார் கடைக்குப் போனோம். கடைக்காரர் மலாயும் ஆங்கிலமும் கலந்து வேகமாகப் பேசினார். தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட். அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் மோட்டாருக்கு ஆளைத் தெரிந்துவிடும். குமிழை அமுக்கித் திருப்பினால் பவர் வரும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினால் கிளம்பும். இது வரைக்கும் அக்கா தலையை ஆட்டினார். நிறுத்துவதற்கு வந்தபோதுதான் சிக்கல். வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அமுக்கினாலும் எஞ்சின் நிற்கும். பக்கத்து ஸ்டாண்டைத் தட்டிப் போட்டாலும் நிற்கும். குமிழைத் திருப்பினாலும் நிற்கும்.

“நிறுத்துறதுக்கு எதுக்குப் புள்ள மூணு?” என்று அக்கா என்னைக் கேட்டார். “ஒண்ணு ஒழுங்கா நிறுத்துனா மத்த ரெண்டு எதுக்கு?”

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் எனக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார், ஷிஃப்டுக்கு ஆள் பற்றவில்லை என்று. கடைக்காரர் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் பாதியில் வெட்டினேன்.

“வளவளன்னு ஒண்ணும் வேணாங்கக்கா. சிவப்ப அமுக்குங்க, நின்னுரும். நம்ம ஃபேக்டரி மாதிரிதான் லா.”

“சிவப்பா?” அக்காவின் முகம் தெளிந்தது. “அப்ப சரி.”

ஃபேக்டரி மாதிரி இல்லை. அங்கே சிவப்பை அடித்தால் மெஷினுக்கு உயிரே போய்விடும். மோட்டாரில் சிவப்பு எஞ்சினை மட்டும்தான் நிறுத்தும், பவர் அப்படியே இருக்கும். குமிழைத் திருப்பினால்தான் பூட்டு. குமிழைத் திருப்பாமல் விட்டால் ரிமோட் இல்லாத ஆள்கூட ஏறி ஓட்டிக்கொண்டு போகலாம். இதை நான் சொல்லவில்லை. அப்போது எனக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை.

எட்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. அக்கா ரிமோட்டைத் தாலிக்கயிறோடு சேர்த்து ஊக்கில் மாட்டி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். மாமா சாயங்காலமானால் மோட்டார்மேல் ஏறி உட்காருவார். பொத்தானை அமுக்குவார், மறுபடி அமுக்குவார். “பேட்டரி இல்ல,” என்று சொல்லிவிட்டு இறங்கி வாசலில் உட்கார்ந்து அழுவார். நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். யோசனை சொன்ன பெருமை எனக்கு அப்போதே கொஞ்சம் கசந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தார். “மாமா மோட்டார எடுத்துட்டுப் போயிட்டாரு,” என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றிருந்தார். பாசாரிலிருந்து வாங்கி வந்த மீன் பையோடு மேசைமேல் கிடந்தது. ரிமோட் இங்கே இருக்க மோட்டார் எப்படிப் போனது என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சிவப்பை மட்டும் அமுக்கிவிட்டு வந்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்தபடி.

நாங்கள் தேடிக் கிளம்புவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. வளைவில் திரும்பாமல் நேராகப் போய் லோங்காங்கில் விழுந்திருக்கிறார், சாலையோரத்துப் பெரிய கால்வாயில். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை.

பாலாயில், போலீஸ் நிலையத்தில், சார்ஜன் கேட்டதற்கெல்லாம் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பேசினேன். “சாலா சயா, துவான். என் தப்பு. சிவப்ப அமுக்கினா பூட்டிக்கும்னு நான்தான் இவங்களுக்குச் சொன்னேன். அத நம்பி விட்டுட்டு வந்துட்டாங்க,” என்று எனக்குத் தெரிந்த மலாயில் அழுதுகொண்டே சொன்னேன். சார்ஜன் நல்ல மனுஷன். தன் மனைவியும் அப்படித்தான் சிவப்பை அமுக்கிவிட்டு வந்துவிடுவாள், காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு இடம் தெரிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார். விபத்து என்று எழுதிக்கொண்டார். அக்கா கடைசிவரை வாயே திறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உன் மேல ஒரு தப்பும் இல்ல. மனசுல வச்சிக்கிட்டு அலையாத,” என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். அந்த மனசுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால், செருப்பால் அடித்திருந்தால்கூட அத்தோடு போயிருக்கும்.

அதற்கப்புறம் நான் அக்காவுக்கு மகள் மாதிரி ஆனேன். சர்க்கரை வந்து கால் வீங்கியபோது கிளினிக்குக் கூட்டிப் போனேன். வாரா வாரம் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வீட்டுக்காரர், “நீ அந்தக்காவுக்குத் தத்துப் போயிட்டியா?” என்று கேட்டார். கண்ணை மூடினால் மாமாவின் கட்டைவிரல் தெரியும், பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்கிற அந்தப் பெரிய லோரிக்காரக் கட்டைவிரல். ஒரு நாள் அது அமுக்கியபோது மோட்டார் கிளம்பிவிட்டது, என்னால். அந்த இடத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவேன். எனக்கும் அக்காவின் வியாதி ஒட்டிக்கொண்டது. அடுப்பை மூன்று தடவை பார்க்காமல் படுக்க முடிவதில்லை.

நான்கு வருடம் கழித்து என் மகள் அதே ரக மோட்டாரைப் பழசாக வாங்கினாள். பல மாதம் நான் அதைத் தொடவே இல்லை. ஒரு நாள் கோயிலுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். கோயில் வாசலில் நிறுத்தினேன். என் கை தானாகச் சிவப்பு சுவிட்சுக்குப் போயிற்று. அமுக்கினேன். ரிமோட் கைப்பைக்குள் இருந்தது. அர்ச்சனைத் தட்டோடு நாலு எட்டு வைத்திருப்பேன்.

பீப், பீப், பீப் என்று மோட்டார் கத்த ஆரம்பித்தது. கோயிலுக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்படியே நின்றேன். பக்கத்தில் பூ விற்ற அம்மா, “குமிழத் திருப்பலம்மா நீங்க. பவர் போட்டுட்டு ரிமோட்ட எடுத்துட்டுப் போனா அது கூப்பிடும்ல,” என்றார், ஏதோ பிள்ளைக்குச் சொல்வது போல.

அது கூப்பிடும். பூக்கார அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அக்கா சிவப்பை மட்டும் அமுக்கிவிட்டு நடந்த முதல் நாளே அது கூப்பிட்டிருக்கும். எட்டு மாதம் அவர் என் பேச்சை நம்பிக்கொண்டிருக்க வழியே இல்லை. அர்ச்சனை செய்யாமல் தட்டைப் பூக்கார அம்மாவிடமே கொடுத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். கால் கட்டுப் போட்டு நாற்காலிமேல் நீட்டியிருந்தது. நான் உட்காரக்கூட இல்லை.

“மக மோட்டார இன்னைக்கு எடுத்தேங்கக்கா. சிவப்ப மட்டும் அமுக்கிட்டு எறங்கி நடந்தேன். அது கத்துது.”

“ம். கத்தும்,” என்றார். கை நிற்கவில்லை.

“உங்க மோட்டாரும் கத்துச்சா?”

“வாங்கிட்டு வந்த அன்னைக்கே கத்துச்சு. கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். குமிழத் திருப்பச் சொன்னான். அதுக்கப்புறம் ஒரு நாளும் நான் மறந்ததில்ல.”

“அப்ப அன்னைக்கு?”

அக்கா நெத்திலியைத் தட்டில் போட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“பாசார்லேர்ந்து வந்து பூட்டிட்டுத்தான் உள்ள போனேன். அவரு பின்னாலயே வந்தாரு. என்னைப் பாத்து, ‘அம்மா, நீங்க யாருன்னு தெரியல, நல்லா இருப்பீங்க, இந்த மோட்டாரக் கொஞ்சம் கிளப்பிக் குடுங்கம்மா, டிரிப்புக்கு நேரமாச்சு, மண்டோர் திட்டுவாரு’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. முப்பத்தஞ்சு வருஷமா என்னைய அதட்டுன மனுஷன் புள்ள. என்னைக் கும்பிட்டாரு.”

“கிளப்பிக் குடுத்தீங்களா?” என்றேன்.

“வெளிய வந்தேன். குமிழத் திருப்பிப் பவர் போட்டேன். சிவப்ப எடுத்து விட்டேன். ஸ்டாண்டத் தட்டி விட்டேன். பிரேக்கப் பிடிச்சு நானே கிளப்பிக் குடுத்தேன். ஹெல்மெட் மாட்ட அவருக்குத் தெரியல. நான்தான் மாட்டி வாரப் போட்டேன், கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தினேன். மெதுவாப் போங்கன்னேன். சரிங்கம்மான்னாரு. ரிமோட் என்கிட்ட இருக்குல்ல, தெரு முனை வரைக்கும் மோட்டார் கத்திக்கிட்டே போச்சு.”

“செத்துருவாருன்னு தெரியுமாக்கா உங்களுக்கு?”

“தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது.”

எனக்கு அப்போது வந்தது கோபம். அதை மறைக்க மாட்டேன். “வேற யாரு மேலயாவது மோதியிருந்தா? ஒரு பச்சப் புள்ள குறுக்க வந்திருந்தா?” என்று கத்தினேன். “நாலு வருஷங்கக்கா! நாலு வருஷமா நான் கொன்னுட்டேன்னு நெனச்சிட்டு உங்களுக்குச் சோறு தூக்கிட்டு வந்தேன். பேசாம வாங்கிச் சாப்பிட்டீங்களே!”

“உன் தப்பு இல்லன்னு சொன்னேன் லா அன்னைக்கே.” அக்காவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. “அதுக்கு மேல சொன்னா நீ வரமாட்டியோன்னு பயம். மோதியிருந்தான்னு கேட்ட பாரு, அது தினம் எனக்கு வருது. அந்தப் புள்ள தினம் குறுக்க வருது.”

கதவு வரைக்கும் போய்விட்டேன். போகவும் முடியவில்லை. திரும்பி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். என்னையறியாமல் அழுகை பொங்கி வந்தது, அடக்க அடக்க வந்தது. நான் கொல்லவில்லை. என் வாயால் யாரும் சாகவில்லை. அந்த வீட்டில், அந்த நேரத்தில், எனக்கு இருந்தது சந்தோஷம், வேறொன்றும் இல்லை. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அக்கா நான் அவருக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “போதும் புள்ள, எனக்காக இவ்வளவு அழாத,” என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.